ஃபாக் லைட் வாங்கும்போது எதை வாங்குகிறோம்?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இருக்கும் உதிரிபாகக் கடையானாலும் சரி, உங்கள் ஊர் கார் ஆக்சஸரீஸ் கடையானாலும் சரி, “எஸ்.யூ.வி.க்கு ஃபாக் லைட் போடணும்” என்று சொன்னதும் நடப்பது ஒன்றுதான். நாலைந்து டப்பாக்கள் மேசைக்கு வரும். கடையில் இருப்பவர் ஒரு பேட்டரியில் ஒயரைத் தொட்டு ஒவ்வொன்றாக எரியவிட்டுக் காட்டுவார். எது அதிகமாகக் கண் கூச வைக்கிறதோ அதுவே நல்ல விளக்கு என்று முடிவாகிவிடும். டப்பாவின் மேல் ‘20,000 லூமென்’ என்று அச்சிட்டிருந்தால் பேரமே தேவைப்படாது. மூடுபனிக்கான விளக்கை இதைவிடத் தவறாகத் தேர்ந்தெடுக்க முடியாது. கடையில் நம்மைக் கவர்ந்த அந்தக் கூச்சமேதான் பனிக்குள் நம் பார்வையை அடைக்கிறது. நல்ல ஃபாக் லைட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, ஒளி போகாமல் தடுத்து வைத்த இடத்துக்கான விலை. ஒரு கோட்டுக்கு மேலே ஒளி எழும்பக் கூடாது. அந்தக் கோட்டை எந்த விளக்கு ஒழுங்காகப் போடுகிறது, வண்டியில் எங்கே மாட்டினால் அது நிலைக்கும் என்பதைச் சுற்றித்தான் மற்ற எல்லாக் கேள்விகளும் வருகின்றன.

தமிழ்நாட்டில் இது வேண்டாத ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. சமவெளியில் மட்டும் ஓட்டுபவருக்கு அது பெரும்பாலும் உண்மை. ஆனால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஏறும் சாலைகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகள், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பாதை ஆகியவற்றில் மேகம் சாலை மீதே இறங்கி உட்காரும். மழைக்காலத்தில் மாலை நான்கு மணிக்கே பத்தடி முன்னால் போகும் லாரி மறைந்துவிடும். வட இந்தியச் சமவெளியின் பனி வேறு வகை; டிசம்பர், ஜனவரி இரவுகளில் தரை குளிர்ந்து, காற்று அசையாமல் நின்று, தரையை ஒட்டியே கட்டும். யமுனா விரைவுச் சாலையில் குளிர்காலத்தில் கார்களின் வேக வரம்பை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைப்பது இதனால்தான். பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி என்கிறது இந்திய வானிலைத் துறை. 200 மீட்டருக்குக் கீழே அடர்ந்த பனி, 50 மீட்டருக்குக் கீழே மிக அடர்ந்த பனி. ஃபாக் லைட்டின் வேலை இந்தக் கடைசி இரண்டு நிலைகளில்தான். 600 மீட்டர் தெரிகிற மெல்லிய பனியில் சாதாரண லோ பீமே போதும்.

பனிக்குள் வெளிச்சத்துக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துவிட்டால் கடையில் பாதிக் குழப்பம் தீரும். மூடுபனி என்பது மிதக்கும் நீர்த்துளிகள். பெரும்பாலானவற்றின் குறுக்களவு சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு, ஏறத்தாழ 0.4 முதல் 0.7 வரை. துளி அலையைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பதால், எந்த நிற ஒளி போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சிதறடிக்கிறது. சிதறியதில் ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஹை பீம் போட்டதும் எதிரே வெள்ளைச் சுவர் எழும்புவது இதனால்தான். விளக்கின் சக்தியை இரட்டிப்பாக்கினால் சாலை மேல் விழும் ஒளி கூடும். திரும்பி வரும் வெண்திரையும் அதே அளவு கூடும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாததால் பார்வையில் ஆதாயம் ஏதும் இல்லை. விகிதத்தை மாற்ற ஒரே வழி, கண்ணின் பார்வைக் கோட்டில் இருக்கும் பனியை முடிந்தவரை வெளிச்சம் படாமல் விடுவது.

அதற்குத்தான் விளக்கைத் தாழ்வாக மாட்டுகிறோம். எஸ்.யூ.வி. ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அரை மீட்டர் உயரத்தில் இருக்கிற விளக்கிலிருந்து ஒளி கீழ்நோக்கிப் போனால், ஒளிபட்ட பனி ஓட்டுநரின் பார்வைக்குக் கீழே தனி அடுக்காகக் கிடக்கும். ஓட்டுநர் அதன் மேலாக, இருண்ட பனி வழியே பார்த்து, தரைக்கு அருகில் மட்டும் அந்த அடுக்குக்குள் நுழைகிறார். இப்போது கூரை மேல் மாட்டும் எல்.இ.டி. பாரை நினைத்துப் பாருங்கள். அது கண்ணுக்குச் சற்று மேலே இருந்துகொண்டு, கண் எந்தப் பனி வழியே பார்க்க வேண்டுமோ அதையே முழுக்க ஒளியால் நிரப்புகிறது. போதாததற்கு பானெட்டின் மேல் பட்டு எதிரொளித்துக் கண்ணாடியில் அடிக்கிறது. கரடுமுரடான காட்டுப் பாதையில், தெளிந்த இரவில் கூரை விளக்குக்கு ஒரு பயன் உண்டு. பனிக்கு அதைவிடக் கெட்ட இடம் வண்டியில் வேறு கிடையாது.

முப்பது மீட்டர்

நல்ல ஃபாக் லைட்டை இருட்டில் ஒரு சுவரைப் பார்க்க எரியவிட்டால், அகலமான, தட்டையான ஒளிப்பட்டை விழும். பட்டையின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும். விளிம்புக்கு மேலே இருட்டு. இதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். வண்டியில் மாட்டிய பிறகு இந்த விளிம்பு பத்து மீட்டர் தூரத்தில் விளக்கின் உயரத்தைவிட ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி சாய்ப்பது வழக்கம். அதாவது 2 சதவீதச் சரிவு. விளக்கு 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தக் கோடு 30 மீட்டரில் சாலையைத் தொடும். ஃபாக் லைட் காட்டும் தூரம் அவ்வளவுதான். அதற்கு மேல் காட்டுவதாக யாராவது சொன்னால், அவர் ஒளியைக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிட்டார் என்று அர்த்தம்.

இந்த முப்பது மீட்டரை வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால் அதற்குள் 17 மீட்டர் ஓடிவிடும். நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 12 மீட்டர். கூட்டினால் 29. விளக்கின் எல்லையும் வண்டி நிற்கும் தூரமும் இந்த வேகத்தில் சரியாக ஒட்டி நிற்கின்றன. 60-இல் போனால் அதே கணக்கு 50 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. விளக்கு காட்டியதைப் பார்த்து நிறுத்த முடியாது. மலை இறக்கத்தில் சாலை ஈரமாகவும் இருந்தால் 40-உம் அதிகம். 30-க்கு இறங்கினால் 22 மீட்டர் அளவில் நிற்கலாம். எந்த நிறுவனத்தின் எந்த விளக்கை மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. புதிய ஃபாக் லைட் போட்ட தைரியத்தில் வேகத்தைக் கூட்டுபவர் விளக்கே இல்லாமல் மெதுவாகப் போகிறவரைவிட ஆபத்தான நிலையில் இருக்கிறார். இதை விற்பவர்கள் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூரத்தில் விட்டுக்கொடுத்ததை அகலத்தில் மீட்கிறது ஃபாக் லைட். லோ பீம் பெரும்பாலும் நேர் முன்னால் பார்க்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும் பக்கம் அதற்குத் தெரியாது. ஃபாக் லைட்டின் ஒளி இரு பக்கமும் விரிவதால் இடது ஓரத்து வெள்ளைக் கோடு, தடுப்புச் சுவரின் அடி, சாக்கடைக் குழி, வளைவின் உள்விளிம்பு எல்லாம் தெரியும். சில கார்களில் ஸ்டீயரிங்கைத் திருப்பும் பக்கத்து ஃபாக் லைட் மட்டும் தானாக எரியும்படி வைத்திருப்பது இதற்காகத்தான். நீலகிரிச் சாலைகளில் காட்டுமாடு நிற்கும். உடல் முழுக்கக் கரும்பழுப்பு, பனியில் கரைந்துபோகும். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. தரையை ஒட்டி வரும் வெளிச்சம் முதலில் தொடுவது அந்தக் கால்களைத்தான்.

இங்கேதான் ஒரு பெரிய குழப்பத்தைக் களைய வேண்டும். கடைகளில் ஃபாக் லைட் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பங்கு ஃபாக் லைட்டே இல்லை. தொலைவைக் காட்டக் குவிந்த ஒளி தரும் டிரைவிங் லைட் ஒரு வகை. ஹை பீமுக்குத் துணையாக மட்டும் எரிய வேண்டியது அது. இந்தியாவில் வெகுகாலமாகப் பிரபலமான வட்டமும் சதுரமுமான கூடுதல் விளக்குகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. சிறு சிறு எல்.இ.டி. சில்லுகளை வரிசையாக அடுக்கி, முன்னால் ஒரு கண்ணாடி மட்டும் வைத்த ‘பாட்’ இன்னொரு வகை. டப்பாவில் ‘ஃப்ளட்’ என்று போட்டிருக்கும். அது எல்லாப் பக்கமும், மேலேயும்தான், ஒளியைக் கொட்டும். கோடு என்று ஒன்று அதற்குக் கிடையாது. வயலில் டிராக்டர் வேலைக்கும் கேம்ப் போட்ட இடத்துக்கும் அது நல்ல விளக்கு. எதிரே ஆள் வருகிற சாலையில் அதை எரியவிடுவது அநியாயம். மேலே சிந்தும் அந்த ஒளி எதிரே வரும் டூவீலர்காரரின் கண்ணில் நேராக அடிக்கிறது. அவர் சில நொடிகள் சாலையையே பார்க்காமல் ஓட்டுகிறார்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் அனுமதியோடு விதிவிலக்கான நிலைமைகளில் தவிர, வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைத் தடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குக் கண்டிப்பான பொருளே கொண்டது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கு வழி செய்தது. புல்பாரை நீக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எனவே ‘புல்பார் போட்டு அதில் நாலு லைட்’ என்ற திட்டத்தை முதலிலேயே கைவிடுவது நல்லது. சட்டத்தோடு உரசாத வழி ஒன்று இருக்கிறது: உங்கள் வண்டியின் மேல் வேரியண்டில் நிறுவனமே ஃபாக் லைட் கொடுத்திருந்தால், அதே கிட்டை அதே இடத்தில் மாட்டுவது. பம்பரில் அதற்கான குழி மூடியோடு காத்திருக்கும். சில மாடல்களில் கப்ளர்கூட உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும்.

மஞ்சளா, வெள்ளையா?

இந்த விஷயத்தில் நெடுங்காலமாக ஓயாத சர்ச்சை இது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பார்கள் பலர். வானம் நீலமாகத் தெரிவதற்கான காரணத்தைச் சொல்லி, நீலம் அதிகம் சிதறும், மஞ்சள் குறைவாகச் சிதறும் என்று விளக்குவதும் உண்டு. காற்று மூலக்கூறு போன்ற மிகச் சிறிய பொருளுக்கு அந்த விதி பொருந்தும். பனித்துளிக்குப் பொருந்தாது. துளி பெரிது என்று மேலே பார்த்தோம். மஞ்சளும் வெள்ளையும் அதில் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறும். துளைக்கும் என்ற வாதத்தை விட்டுவிடலாம்.

ஆனாலும் மஞ்சளின் பக்கம் ஒரு நியாயம் மிச்சம் இருக்கிறது, அது துளியில் இல்லை, கண்ணில் இருக்கிறது. ஒரே அளவு வெளிச்சமாக இருந்தாலும் நீலம் கலந்த வெள்ளை அதிகம் கூசுவதாகக் கண் உணர்கிறது. திரும்பி வரும் வெண்திரையை மணிக்கணக்கில் பார்த்து ஓட்ட வேண்டிய நிலையில் நீலத்தை வடிகட்டிவிட்டால் களைப்பு குறையும். பிரான்சில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து கார்களின் ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1993-இல்தான் மற்ற ஐரோப்பிய நாடுகளோடு ஒத்துப்போவதற்காகக் கைவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு நாடே மஞ்சள் வெளிச்சத்தில் ஓட்டியும், பார்வைக்கு அது தெளிவான மேன்மை தருவதாக மற்ற நாடுகளை ஒப்ப வைக்க முடியவில்லை. ஐ.நா. வாகன விதிகள் முன் ஃபாக் லைட்டுக்கு வெள்ளை, வடிகட்டிய மஞ்சள் இரண்டையும் ஏற்கின்றன.

என் கருத்து இது: ஒளியின் வடிவம் சரியாக இருக்கும் இரண்டு விளக்குகளில் ஒன்று மஞ்சள் என்றால் மஞ்சளை வாங்குங்கள். வடிவம் கெட்ட மஞ்சள் விளக்கைவிட வடிவம் சரியான வெள்ளை விளக்கு எப்போதும் மேல். 6,000, 6,500 கெல்வின் என்று நீலம் தட்டும் எல்.இ.டி.யைப் பனிக்கு வாங்காதீர்கள். ஹாலஜன் தரும் 3,200 கெல்வின் அளவு இளமஞ்சள் வெள்ளையே அதைவிட உறுத்தாது. இருக்கிற விளக்கின் கண்ணாடி மேல் மஞ்சள் ஃபிலிம் ஒட்டுவது செலவு குறைந்த சோதனை, கொஞ்சம் ஒளி குறையும் என்பதைத் தவிரக் கெடுதல் இல்லை. சுவிட்சைத் தட்டத் தட்ட வெள்ளை, மஞ்சள், கலப்பு என்று நிறம் மாறும் மூன்று நிற விளக்குகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் இரண்டு நிறத்துக்கும் தனித்தனிச் சில்லுகள். இரண்டும் ஒரே புள்ளியில் இருக்க முடியாது என்பதால் ஏதாவது ஒன்றிலாவது கோடு மங்கும். சுவரில் அடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாத பொருள் அது.

பல்பை மட்டும் மாற்றுவது

பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது இதைத்தான். கம்பெனி கொடுத்த ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே அடிப்பாகம் கொண்ட எல்.இ.டி. பல்பைச் செருகுவது. பத்து நிமிட வேலை, வண்டியில் ஒயர் வெட்ட வேண்டாம். இதனாலேயே ஆசை காட்டுகிறது. விளக்கின் ரிஃப்ளெக்டர் என்பது, உள்ளே இழை எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்தத் திசையில் கிடக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டு வளைத்த கண்ணாடி. ஹாலஜன் இழை சுற்றிலும் எல்லாப் பக்கமும் எரியும் மெல்லிய சுருள். எல்.இ.டி. பல்பில் ஒரு தகட்டின் இரு பக்கமும் தட்டையான சில்லுகள். இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கோடு கலைந்து, ஒளி மேலே சிந்தும். வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால் முன்னால் பளிச்சென்று இருக்கும், திருப்தியாகவும் இருக்கும். பனிக்குள் போனதும் பழைய பல்பே தேவலை என்று தோன்றும். ஜெர்மனியில் 2020-இல்தான் இப்படிப்பட்ட மாற்று எல்.இ.டி. பல்புக்கு, ஓஸ்ராம் நிறுவனத்தின் ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு, முதன்முறையாகச் சாலை அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பார்த்த வண்டி மாடல்களின் பட்டியலுக்கு மட்டும். பல்பு நன்றாக இருந்தால் போதாது, எந்த விளக்குக்குள் போகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்ததில் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஹாலஜனுக்குள்ளேயே அதிக வாட் பல்பு போடுவது இன்னொரு பழக்கம். ஃபாக் லைட்டில் வரும் ஹெச்16 பல்பு 19 வாட், ஹெச்8 என்றால் 35 வாட், ஹெச்11 என்றால் 55 வாட். அடிப்பாகம் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் காதைக் கொஞ்சம் சீவிவிட்டு 19 வாட்டுக்கான கூட்டில் 55 வாட்டைத் திணிக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இப்போதைய கூடுகள் பிளாஸ்டிக். சில வாரங்களில் ரிஃப்ளெக்டரின் பூச்சு பழுத்து, கப்ளர் உருகும். 90, 100 வாட் பல்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல்பு வழியில்தான் போவேன் என்றால், அதே வகை, அதே வாட், நல்ல நிறுவனத்தின் ஹாலஜன் பல்பைப் புதிதாகப் போடுவதே அறிவு. பழைய பல்பின் ஒளி வயதாக ஆகக் குறைந்திருக்கும். புதியது போட்டதும் வித்தியாசம் தெரியும்.

விளக்கை முழுதாக மாற்றுவது இதைவிட நல்ல வழி. கம்பெனி ஃபாக் லைட் இருக்கும் அதே குழியில், அதே திருகுகளில் உட்காரும்படி, எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த விளக்குகள் கிடைக்கின்றன. ஒளி மூலமும் லென்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்தவை என்பதால் கோடு ஒழுங்காக விழ வாய்ப்பு அதிகம். ஹெல்லா, வாலியோ, பியா போன்ற பழைய விளக்கு நிறுவனங்களும், டயோட் டைனமிக்ஸ் போன்ற புதிய அமெரிக்க நிறுவனங்களும் ஃபாக் ஒளிக்கென்றே தனியாகச் செய்கின்றன. ஒரே உடலில் ஸ்பாட், டிரைவிங், ஃபாக் என்று மூன்று லென்ஸில் விற்பார்கள். ஆர்டர் செய்யும்போது ஃபாக் என்பதை உறுதி செய்ய வேண்டும். நம் ஊரில் இப்போது அலையாய் வரும் புரொஜெக்டர் ஃபாக் லைட்டுகளில் உள்ளே ஒரு தகடு ஒளியை வெட்டுவதால் கோடு கூர்மையாகவே விழும். ஆனால் பலவற்றில் பட்டை குறுகல். லோ பீம் போலவே முன்னால் குவிகிறது. கூடவே ஹை பீமுக்கும் ஒயர் இழுத்துவிட்டால் அது ஃபாக் லைட்டாக இல்லாமல் இன்னொரு ஹெட்லைட்டாகிவிடும். அகலம் இல்லாத ஃபாக் லைட்டுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டப்பாவிலும் விளக்கிலும் என்ன படிக்க வேண்டும் என்று பார்ப்போம். விளக்கின் கண்ணாடியிலேயே, வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருந்தால், அது ஐ.நா. விதிகளின்படி ஏதோ ஒரு நாடு சோதித்து ஒப்புதல் தந்த விளக்கு. எண் நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்சு, 4 நெதர்லாந்து. ஆனால் ‘இ’ முத்திரை மட்டும் போதாது. எதற்கான ஒப்புதல் என்று பார்க்க வேண்டும். முன் ஃபாக் லைட்டுக்கான 19-ஆம் விதியில் தேறியதற்கு அடையாளம் பக்கத்தில் ‘பி’ (B) என்ற எழுத்து, அல்லது பிந்தைய, கடுமையான வகுப்பான ‘எஃப்3’. அமெரிக்க வழியில் வந்தவற்றில் எஸ்.ஏ.இ. என்பதோடு ‘எஃப்’ எழுத்து இருக்கும். அதன் தரம் ஜே583. ‘டி.ஓ.டி. அப்ரூவ்டு’ என்று அச்சிட்டு விற்பதை நம்பாதீர்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை எந்த விளக்குக்கும் ஒப்புதல் தருவதே இல்லை. தயாரிப்பாளரே தரத்துக்கு ஒத்தது என்று சொல்லிக்கொள்ளும் முறைதான் அங்கே. அதிலும் முன் ஃபாக் லைட்டுக்கு அங்கே மத்திய அரசின் தர விதியே கிடையாது.

லூமென் எண்ணை ஒதுக்கிவிடலாம். 55 வாட் ஹெச்11 பல்பு ஏறக்குறைய 1,350 லூமென் தருகிறது, 19 வாட் ஹெச்16 வெறும் 500. பெரிய கார் நிறுவனங்கள் அந்த 500 லூமென் பல்பை வைத்தே ஃபாக் லைட் செய்து தரச் சோதனையில் தேறியிருக்கின்றன என்பதிலிருந்தே, 20,000 என்ற எண்ணுக்கு இந்த வேலையில் இடமில்லை என்று தெரியும். நீர் புகாமைக்கான ஐ.பி. எண் அதைவிட முக்கியம். பம்பருக்குக் கீழே இருக்கும் விளக்கு சேறு, மழைத்தண்ணீர், சர்வீஸ் சென்டரின் பிரஷர் வாஷ் எல்லாவற்றையும் வாங்கும். ஐ.பி. 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐ.பி. 69கே என்றால் சூடான நீரை அழுத்தத்தோடு பீய்ச்சினாலும் தாங்கும். முழுக்க அடைத்த விளக்குக்கும் காற்று போய்வர ஒரு சிறு ஜவ்வுத் துளை வேண்டும். இல்லையென்றால் சூடாகிக் குளிரும்போது ஈரத்தை உள்ளே இழுத்துக் கண்ணாடியில் பனி கட்டும்.

ஒயரிங்தான் பல நல்ல விளக்குகள் கெட்டுப்போகும் இடம். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இதை டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராகக் கொண்டுபோனால் சுவிட்ச் கருகும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து ரிலே, ரிலேயிலிருந்து விளக்கு. சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் வழியில் ஒயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது. 55 வாட் ஜோடிக்கு 15 ஆம்பியர் ஃபியூஸும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் சரி. எல்.இ.டி. விளக்குகள் மூன்று நான்கு ஆம்பியரிலேயே முடிந்துவிடும். புதிய எஸ்.யூ.வி.களில் விளக்குகளைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. மின்சாரம் வழக்கத்தைவிடக் குறைவாகப் போனால் பல்பு போய்விட்டது என்று எச்சரிக்கை காட்டும், எல்.இ.டி. மினுக்கும். அதற்காகக் கொடுக்கும் ரெசிஸ்டர் நன்றாகச் சூடாகும். பிளாஸ்டிக்கிலோ ஒயரிலோ படாமல் இரும்பில் திருக வேண்டும். எதுவாயினும் கம்பெனி ஒயரைத் தோல் உரித்து டேப் சுற்றுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வாரண்டி போவது இருக்கட்டும், இரண்டு மழைக்காலத்தில் அந்த இணைப்பு பச்சை பூத்துவிடும். கப்ளரோடு வரும் தனி ஹார்னஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

மாட்டும் உயரத்துக்கு ஐ.நா. 48-ஆம் விதி எல்லை வைத்திருக்கிறது. தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் கீழே வரக் கூடாது. சாதாரணக் கார்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலே போகக் கூடாது. எந்த வண்டியிலும் லோ பீம் விளக்கைவிட உயரத்தில் இருக்கக் கூடாது. இரண்டும் வண்டியின் வெளி ஓரத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. எதிரே வருபவர் வண்டியின் அகலத்தைத் தெரிந்துகொள்ள அது தேவை. எஸ்.யூ.வி.யில் பம்பர் உயரமாக இருப்பதால் தாழ்வான இடம் கிடைப்பது கஷ்டம். ஆஃப் ரோடு போகிறவருக்குக் கீழே மாட்டினால் கல்லும் மேடும் உடைக்கும். 50 முதல் 70 சென்டிமீட்டருக்குள் ஓர் இடம் கண்டுபிடிப்பது இரண்டுக்கும் பொதுவான தீர்வு. பம்பருக்குள் பார்க்கிங் சென்சாரோ, முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடாரோ இருந்தால் அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிராக்கெட் மெல்லிய தகடாக இருந்தால் சாலை அதிர்வில் ஒளிப்பட்டை ஆடும். பனியில் அந்த ஆட்டம் தலைசுற்ற வைக்கும்.

மாட்டி முடித்ததும் சமதளத்தில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்கட்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, ஒளிப்பட்டையின் மேல்விளிம்பு அதற்கு 20 சென்டிமீட்டர் கீழே வரும்வரை திருகுங்கள். குடும்பமும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற வழக்கம் இருந்தால், அதே பாரத்தோடு இதைச் செய்யுங்கள். பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கும், இரண்டு டிகிரி தூக்கினாலே கோடு சாலையை விட்டு எழுந்து எதிரே வருபவர் முகத்துக்குப் போய்விடும். சஸ்பென்ஷனை உயர்த்தினாலும் டயர் அளவை மாற்றினாலும் மறுபடியும் சுவர் முன்னால் நிறுத்த வேண்டும்.

பின்னால் எரியும் சிவப்பு ஃபாக் லைட்டைப் பற்றி யாரும் கடையில் கேட்பதில்லை. பனியில் இடித்துக்கொள்ளும் வண்டிகளில் பல பின்னாலிருந்து இடிபட்டவை. சாதாரண டெயில் லைட்டைவிடப் பல மடங்கு பிரகாசமான அந்த ஒரே ஒரு சிவப்பு விளக்கு, பின்னால் வரும் பஸ்காரருக்கு நாம் இருப்பதைச் சொல்லும். நம் சாலைகளில் ஒன்றே ஒன்று மாட்டுவதானால் வலப்பக்கம் மாட்ட வேண்டும், பிரேக் லைட்டிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி. இல்லையென்றால் பிரேக் பிடித்ததா, சும்மா எரிகிறதா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. அவசர விளக்கு நான்கையும் மினுக்கிக்கொண்டு பனியில் ஓட்டும் பழக்கம் இதற்கு மாற்றாகாது. இண்டிகேட்டர் எந்தப் பக்கம் என்பதையே அது மறைத்துவிடுகிறது. அடர்ந்த பனியில் லோ பீமே வெண்திரையைக் கட்டுகிறது என்று தெரிந்தால், வண்டி இடம் கொடுத்தால், பார்க்கிங் லைட்டோடு ஃபாக் லைட்டை மட்டும் எரியவிட்டுப் பார்க்கலாம். முன்னால் எரிவதானாலும் பின்னால் எரிவதானாலும், பனி விலகியதும் ஃபாக் லைட்டை அணைத்துவிட வேண்டும்.

உங்கள் வண்டியில் கம்பெனி ஃபாக் லைட் ஏற்கெனவே இருந்தால், எதையும் வாங்கும் முன் ஒரு மாலை நேரத்தை அதற்குக் கொடுங்கள். கண்ணாடியில் படிந்த மஞ்சள் படலத்தைத் தேய்த்து எடுங்கள், ஐந்தாறு வருடம் ஆன பல்பை அதே வாட்டில் மாற்றுங்கள், சுவர் முன் நிறுத்திக் கோட்டைச் சரி செய்யுங்கள். ஏற்றம் இறக்கத்துக்கான திருகு பெரும்பாலும் கூட்டின் பின்னாலேயே, பம்பருக்கு அடியில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்; வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.